கரை உருகிப்போன ஏரி

மலையை நிலப்படத்தில் காட்டுவதற்குச் சமவுயரக் கோடுகள் போடுவார்கள். கடல்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை எல்லாம் சேர்த்து இழுக்கும் வளைகோடு அது. தாளில்தான் இருக்கும், மலையில் போய்த் தேடினால் கிடைக்காது. ஸ்காட்லாந்தின் மேற்கு மலைநாட்டில், லோக்காபர் பகுதியில் ராய் என்ற சிற்றாறு ஓடும் பள்ளத்தாக்கு இதற்கு விலக்கு. அங்கே மலைச்சரிவின் மேலேயே கோடு கிழித்து வைத்திருக்கிறது. 260 மீட்டர் உயரத்தில் ஒன்று, 325 மீட்டரில் ஒன்று, 350 மீட்டரில் ஒன்று. ஓடை குறுக்கிடும் இடத்தில் உள்வாங்கி, மலைமூக்கு நீளும் இடத்தில் வெளியே வளைந்து, எதிர்ச் சரிவிலும் அதே உயரத்தில் மூன்றும் ஓடுகின்றன.

ஊரார் இவற்றைச் சாலைகள் என்றார்கள். ஃபின் என்ற பழங்கதை வீரன் வேட்டைக்குப் போவதற்காக வெட்டிய சாலைகள் என்று கதை சொன்னார்கள். அறிவியலிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது: க்ளென் ராயின் இணைச் சாலைகள். 'க்ளென்' என்றால் பள்ளத்தாக்கு. 'ராய்' என்பது சிவப்பைக் குறிக்கும் கேலிக் மொழிச் சொல்லின் ஆங்கிலத் திரிபு.

ஆறு என்று பார்த்தால் ராய் பெரிய ஆறல்ல. முப்பது கிலோமீட்டரைக்கூட எட்டாத நீளம். மேட்டுச் சதுப்பில் பிறந்து, தென்மேற்கே இறங்கி, ராய் பிரிட்ஜ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஸ்பீயன் ஆற்றில் கலந்துவிடுகிறது. ஸ்பீயன் மேற்கே போய் லோக்கி ஆற்றில் சேர, லோக்கி ஃபோர்ட் வில்லியம் அருகே கடலைத் தொடுகிறது. பக்கத்திலேயே பிரிட்டனின் மிக உயர்ந்த மலையான பென் நெவிஸ் நிற்பதால், சுற்றுலாப் பயணிகளில் பலர் ராய் பள்ளத்தாக்கின் வாசலைக் கடந்து அங்கே போய்விடுகிறார்கள். ஆனால் நிலவியல் வரலாற்றில் இந்தச் சிற்றாற்றைச் சுற்றி நடந்த வழக்கு சாதாரணமானதல்ல. டார்வின் தோற்றுப்போன வழக்கு அது.

முதலில் பாறையைப் பற்றிச் சொல்லிவிடலாம், ஏனென்றால் கோடுகளுக்கும் பாறைக்கும் சம்பந்தம் இல்லை என்பதே இங்கே முக்கியம். இந்த மலைகள் 70 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு நீருக்கடியில் படிந்த மணலும் சேறும். கண்டங்கள் மோதி மலைத்தொடர் எழுந்தபோது அவை நசுங்கி, மடிந்து, வெந்து, உருமாறிய பாறைகளாயின. பிறகு ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன், ஸ்காட்லாந்தைக் குறுக்காகக் கிழித்துக்கொண்டு ஒரு பெரும்பிளவு ஏற்பட்டது. அதன் இருபுறமும் இருந்த நிலம் ஒன்றையொன்று உரசி நகர்ந்ததில் இடையிலிருந்த பாறை நொறுங்கிப்போனது. நொறுங்கிய பாறையை அரித்தெடுப்பது தண்ணீருக்கும் பனிக்கும் எளிது. லோக் நெஸ் உள்ளிட்ட ஏரிகள் ஒரே நேர்கோட்டில் வரிசையாகக் கிடப்பது இந்தப் பிளவால்தான். ராய் ஆற்றின் தண்ணீர் கடைசியில் போய் விழுவதும் இதே பெரும்பள்ளத்தில்தான்.

ராய் பள்ளத்தாக்கின் பாறை அடுக்குகள் சாய்ந்தும் மடிந்தும் கிடக்கின்றன. மூன்று கோடுகளோ அந்தச் சாய்வைக் கொஞ்சமும் பொருட்படுத்தாமல், எந்தப் பாறை குறுக்கே வந்தாலும் அதை மட்டமாக வெட்டிக்கொண்டு போகின்றன. பாறை அடுக்கு வெளியே தெரிந்து கோடாகியிருந்தால் அதுவும் சாய்ந்துதான் இருக்கும். இத்தனை மட்டமாகக் கோடு போடத் தெரிந்தது அசையாமல் நிற்கும் தண்ணீர் மட்டுமே. அப்படியானால் இவை கரைக்கோடுகள். நீர் நின்ற தடம்.

இதுவரை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கற்றவர்கள் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். 1817-இல் ஜான் மெக்கலக், அதற்கு மறு ஆண்டு தாமஸ் டிக் லாடர், இருவரும் இவை பழைய ஏரியின் கரைகள் என்றே வாதிட்டனர். வழக்கு அடுத்த கேள்வியில்தான் தொடங்கியது. ஏரி என்றால் அதன் கரை எங்கே? நம் ஏரிகளைக் கட்டிய எந்தக் குடியானவனும் கேட்கக்கூடிய கேள்விதான். மூன்று பக்கம் மேடு இருந்தாலும், நான்காவது பக்கம் அணை இல்லாவிட்டால் தண்ணீர் நிற்காது. ராய் பள்ளத்தாக்கின் கீழ்வாய் இன்று அகலத் திறந்து கிடக்கிறது. அதை 350 மீட்டர் உயரத்துக்கு அடைத்து நின்ற பொருள் எது? மண்ணணை என்றால் உடைந்த பிறகும் மேடாகவாவது மிஞ்சும். பாறை என்றால் அடித்தளமாவது தெரியும். ஒன்றுமே இல்லை.

எட்டு நாளில் எழுந்த தவறு

1838 கோடையில் டார்வின் இங்கே வந்தார். வயது 29. பீகிள் கப்பல் பயணம் முடிந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. சிலி நாட்டில் 1835-இல் பெரிய நிலநடுக்கத்தை நேரில் பார்த்தவர் அவர். அதில் கடற்கரை நிலமே சில அடி மேலெழுந்ததையும், அந்நாட்டின் கோகிம்போ பகுதியில் பழைய கடற்கரைகள் படிப்படியாக மலைமேல் நிற்பதையும் கண்டவர். நிலம் எழும், கடல் விலகும், விட்டுப்போன கரை படியாக நிற்கும்: இந்தக் காட்சி மனத்தில் பசுமையாக இருந்தபோது, எட்டு நாள் ராய் பள்ளத்தாக்கில் சுற்றினார். மூன்று கோடுகளும் அவர் கண்ணுக்குக் கடற்கரையாகவே தெரிந்தன.

அவருடைய வாதத்தின் கட்டமைப்பு தெளிவானது. நீர் நின்றிருக்கிறது. ஏரி என்றால் அணை வேண்டும், அணை இல்லை, ஆகவே ஏரி இல்லை. ஏரி இல்லையென்றால் மிச்சம் கடல்தான். கடல் என்றால் சிப்பி இருக்க வேண்டுமே என்ற கேள்விக்கு, அவை கரைந்துபோயிருக்கும் என்றார். 1839-இல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் இந்த நீண்ட கட்டுரை வெளிவந்தது.

அவர் சரியாக விளங்கிக்கொள்ளாத சான்று ஒன்று அப்போதே கண்ணெதிரில் இருந்தது. என் பார்வையில் இந்தக் கதையின் சாவி அதுதான். மேல் கோட்டின் உயரமான 350 மீட்டரும், ராய் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் ஸ்பே ஆற்றின் பக்கம் திறக்கும் தாழ்வான மலைச்சந்தின் உயரமும் பொருந்துகின்றன. அதேபோல் 260 மீட்டர் கோடு, கிழக்கே லகான் ஏரிக்கு அப்பாலுள்ள இன்னொரு சந்தோடு பொருந்துகிறது. ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஏரியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது கரையின் உயரம் அல்ல, கலிங்கின் உயரம். எத்தனை மழை பெய்தாலும் கலிங்கு மட்டத்துக்கு மேல் வந்த தண்ணீர் வழிந்து போய்விடும். அந்த மட்டத்தில்தான் ஆண்டுக்கணக்கில் அலை மோதும், அங்கேதான் தடம் விழும். டிக் லாடர் கலிங்குகளைக் கண்டு சொல்லியும் இருந்தார். டார்வினோ, கடல் அந்தச் சந்துகளில் நீரிணையாக நின்று வண்டல் நிரப்பியதால் உயரம் பொருந்திப்போனது என்று ஒரு சமாதானம் சொல்லிக் கடந்தார். ஒரு சந்துக்கு அந்தச் சமாதானம் செல்லும் என்றே வைத்துக்கொள்வோம். எல்லாச் சந்துகளும் கோட்டோடு பொருந்தினால்?

நடுக்கோட்டுக்கு மட்டும் அப்போது கலிங்கு தெரியாமல் இருந்தது. 1847-இல் டேவிட் மில்ன் அதையும் கண்டுபிடித்தார். ராய் பள்ளத்தாக்கின் கிழக்குப் பக்கம் ஒதுங்கியிருக்கும் க்ளாஸ்டர் என்ற கிளைப் பள்ளத்தாக்கின் தலையில், 325 மீட்டரில், ஸ்பீயன் பக்கம் இறங்கும் சந்து. பக்கத்திலிருக்கும் க்ளாய் பள்ளத்தாக்கில் 355 மீட்டரில் ஒரே ஒரு கோடு உண்டு. அதற்கும் அதே உயரத்தில் ராய் பக்கம் வழியும் சந்து உண்டு. நான்கு கோடு, நான்கு கலிங்கு. கடல் இப்படிக் கணக்குப் பார்த்து நிற்காது.

விடை சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது

அணை எது என்பதை 1840-இல் சொன்னவர் லூயி அகாசி. ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகளைப் பார்த்து வளர்ந்தவர். பனியாறு என்பது உறைந்து கிடக்கும் பனியல்ல. தன் எடையாலேயே மெல்ல நகரும் பனிக்கட்டி ஆறு. சுவிட்சர்லாந்தில் ஆலெட்ஷ் பனியாறு ஒரு பக்கப் பள்ளத்தாக்கின் வாயை அடைத்துக்கொண்டு போனதால் அங்கே மார்யெலென் என்ற ஏரி நின்றது. பனிக்கடியில் வழி திறந்துகொண்டால் திடீரென்று வடியும். அந்த ஏரியை அகாசி நேரில் பார்த்தவர். அந்த ஆண்டு கிளாஸ்கோவில் நடந்த அறிவியல் மாநாட்டுக்குப் பிறகு மலைநாட்டுக்கு வந்து, ராய் பள்ளத்தாக்கைப் பார்த்தார். கரை இல்லாததற்குக் காரணம் அவருக்கு உடனே புரிந்தது. கரை பனிக்கட்டியாக இருந்தது. உருகிப்போய்விட்டது.

ஒருவர் கடற்கரை பார்த்துவிட்டு வந்தார், கடல் தெரிந்தது. மற்றவர் பனியாறு பார்த்துவிட்டு வந்தார், பனி தெரிந்தது. அகாசிக்கு வாய்த்தது சரியான முன்னனுபவம் என்று சொல்லி இதை முடித்துவிடலாம்தான். ஆனால் அது டார்வினுக்குச் சலுகை காட்டுவதாகும். கலிங்குகளின் சாட்சியம் பனியாற்றைக் காணாதவரையும் ஏரி என்ற முடிவில் நிறுத்தியிருக்க வேண்டும். அணை எதுவென்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான் அவர் செய்திருக்க வேண்டியது.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக டார்வின் விட்டுக்கொடுக்கவில்லை. 1861-இல் அபர்டீன் பகுதியைச் சேர்ந்த தாமஸ் ஜேமிசன் ராய் பள்ளத்தாக்கை நுணுக்கமாக ஆராய்ந்து, பனி எந்தப் பக்கம் நகர்ந்தது, தண்ணீர் எந்தச் சந்து வழியே வழிந்தோடியது என்பதற்கெல்லாம் தரையிலிருந்தே சான்று காட்டினார். அந்தச் செய்தி எட்டியதும் டார்வின் தம் நண்பரான நிலவியலாளர் லயலுக்கு எழுதிய கடிதத்தில், க்ளென் ராய் விஷயத்தில் தாம் தூள்தூளாகிவிட்டதாகவும், தம் கட்டுரை தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பெரும்பிழை என்றும் ஒப்புக்கொண்டார். தன்வரலாற்றிலும் அதற்காக வெட்கப்படுவதாக எழுதினார். மற்றவை எல்லாம் விலகிவிட்டன, ஆகவே மிஞ்சியதே உண்மை என்ற முறையை அறிவியலில் நம்பக் கூடாது என்று இதில் பாடம் படித்ததாகவும் சொல்கிறார். ஜேமிசனின் முழு ஆய்வு 1863-இல் அச்சேறியது.

கீழ்க்கோடுதான் மூத்தது, இளையதும் அதுவே

இனி நடந்தது என்ன என்று பார்க்கலாம். பெரிய பனியுகம் முடிந்து, ஸ்காட்லாந்து வெப்பமடையத் தொடங்கிய பிறகு, ஏறத்தாழ 12,900 ஆண்டுகளுக்கு முன் குளிர் திடீரெனத் திரும்பியது. அடுத்த 1,200 ஆண்டுகள் நீடித்தது. மேற்கு மலைநாட்டில் பனிக்கவிகை மறுபடி உருவாயிற்று. அட்லாண்டிக் காற்று மேற்கு மலைகளில்தான் ஈரத்தைக் கொட்டுகிறது. கிழக்கே போகப் போக வறட்சி. அதனால் பனியும் மேற்கில் கனத்தது, கிழக்கில் மெலிந்தது. இந்த ஏற்றத்தாழ்வு இல்லையென்றால் ராய் பள்ளத்தாக்கில் ஏரியே இல்லை. மேற்கிலிருந்து வந்த பனி பெரும்பள்ளத்தைத் தாண்டி, ஸ்பீயன் ஆற்றின் கீழ்வாயில் நுழைந்து, ஆற்றை எதிர்த்து மேட்டுப் பக்கம் ஏறியது. தெற்கே ட்ரீக் பள்ளத்தாக்கிலிருந்தும் ஒரு பனியாறு இறங்கி ஸ்பீயனில் விரிந்தது. ராய் பள்ளத்தாக்கின் சொந்த மலைகளில் மட்டும் அதை நிரப்பும் அளவுக்குப் பனி சேரவில்லை. வாசல் அடைபட்டது, வீடு காலியாக இருந்தது. அங்கே தண்ணீர் சேர்ந்தது.

முதலில் பனி ஸ்பீயனின் கீழ்ப்பகுதியை மட்டும் மறித்தபோது, ராய், ஸ்பீயன் இரண்டும் சேர்ந்து ஒரே ஏரியாயின. உபரி நீர் கிழக்கே லகானுக்கு அப்பாலுள்ள சந்து வழியே வழிந்தது: 260 மீட்டர். பனி இன்னும் முன்னேறி ராய் பள்ளத்தாக்கின் வாயை ஸ்பீயனிலிருந்து துண்டித்ததும், பழைய கலிங்குக்கு வழியில்லை. தண்ணீர் ஏறி, க்ளாஸ்டர் சந்தில் போய் வழிந்தது: 325. பனி மேலும் உள்ளே வந்து க்ளாஸ்டரின் வாயையும் மூடியது. இனி ஒரே வழி பள்ளத்தாக்கின் தலைமாடுதான்: 350. பிறகு பனி பின்வாங்கத் தொடங்கியது. அடைபட்ட வழிகள் எதிர்வரிசையில் திறந்தன. தண்ணீர் 325-க்கு இறங்கியது, பிறகு 260-க்கு.

ஆக, மேலே இருப்பது முதலில் உண்டானது, கீழே வரவர ஏரி வற்றியது என்று பார்த்தவுடன் தோன்றும் கணக்கு பொய்யாகிறது. உச்சிக்கோடு நடுக்காலத்தைச் சேர்ந்தது. அடிக்கோட்டில் ஏரி இரண்டு முறை நின்றிருக்கிறது, முதலிலும் கடைசியிலும். 1970-களில் பிரையன் சிஸ்ஸன்ஸ் இந்த ஏற்ற இறக்கத்தை விரிவாக நிறுவினார். ஏரியடியில் படிந்த வண்டலும் இதற்குத் துணை நிற்கிறது. கோடையில் உருகுநீர் கொண்டுவரும் தடித்த மணல்வரி, குளிர்காலத்தில் ஏரி உறைந்திருக்கும்போது மெல்லப் படியும் களிமண்வரி. இரண்டும் சேர்ந்தால் ஓராண்டு. மரத்தின் வளையத்தை எண்ணுவது போல இந்த வரிகளை எண்ணியவர்கள், ஏரிகளின் மொத்த ஆயுள் ஐந்நூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல் என்கிறார்கள்.

இந்த எண் ஒரு புதிய சிக்கலைக் கொண்டுவருகிறது. ஐந்நூறு ஆண்டுகளை நிலைகளுக்குப் பங்கிட்டால், ஒவ்வொரு கோட்டுக்கும் கிடைப்பது ஓரிரு நூற்றாண்டு. அதற்குள் பல இடங்களில் பத்து மீட்டர் அகலத்துக்குப் படி வெட்டியாக வேண்டும், அதுவும் சில இடங்களில் திடப்பாறையில். குறுகலான ஏரியில் எழும் அலைக்கு அந்த வலு கிடையாது. வேலையைச் செய்தது உறைபனி. கரையோரப் பாறையின் விரிசலில் தண்ணீர் புகுந்து, உறைந்து விரிந்து, உருகி, மறுபடி உறைந்து பாறையைத் துண்டுதுண்டாக்கியது. அலை அந்தத் துண்டுகளை வாரித் தள்ளும் கூலியாள் வேலையை மட்டும் பார்த்தது. வாரித் தள்ளியது கீழே குவிந்து, படியின் வெளிவிளிம்பாயிற்று. பாதி வெட்டு, பாதி நிரவல். மலைச்சாலை போடுகிறவர்களும் அப்படித்தான் போடுகிறார்கள் என்பதால், சாலை என்று ஊரார் சொன்னதில் பெரிய தவறில்லை.

கடைசி 260 மீட்டர் ஏரி நிதானமாக வடியவில்லை. பனிக்கட்டி தண்ணீரைவிட எடை குறைந்தது. பனியணை மெலிந்து, அதை அழுத்தும் தண்ணீரின் ஆழம் அதன் உயரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை எட்டினால், அணை அடியிலிருந்து மிதக்கப் பார்க்கும். அந்த இடுக்கில் தண்ணீர் புகுந்து வழியை அகட்டிக்கொள்ளும். ஐஸ்லாந்தில் இன்றும் இப்படி வெள்ளம் வருகிறது. ஸ்பீயனை நிரப்பி நின்ற ஏரி பனிக்கடியில் பாய்ந்து, பெரும்பள்ளத்தில் விழுந்து, வடகிழக்கே லோக் நெஸ் நோக்கி ஓடியது என்று சிஸ்ஸன்ஸ் காட்டினார். ஃபோர்ட் அகஸ்டஸ் அருகே குவிந்திருக்கும் சரளை மேடுகளை அந்த வெள்ளத்தின் சுமையாகக் கொண்டார்.

ஒரு திருத்தம். கோடுகள் முற்றிலும் மட்டம் என்று இதுவரை சொன்னது கண்ணளவுக்கு மட்டும்தான் உண்மை. சிஸ்ஸன்ஸ் குழுவினர் நுட்பமாக அளந்தபோது, அங்கங்கே சிறு சாய்வும் முறிவும் தென்பட்டன. பனியின் பாரம் நீங்கியதும் அமுங்கியிருந்த நிலம் எழுந்தது. எழும்போது எல்லா இடமும் ஒரே சீராக எழவில்லை, சில பாறைத்துண்டங்கள் தனித்தனியே அசைந்தன. மலைச்சரிவுகள் இடிந்து இறங்கிய இடங்களிலும் கோடு கலைந்திருக்கிறது. பனியின் எடையால் நிலமே அமுங்கும் என்ற கருத்தை 1865-இல் முன்வைத்தவரும் அதே ஜேமிசன்தான். டார்வின் தேடிய எழும் நிலம் இங்கே இருக்கத்தான் செய்தது. அவர் கணக்குப் போட்ட அளவிலும் விதத்திலும் அல்ல.

ஏரி போன பிறகுதான் இன்றைய ராய் ஆற்றின் வேலை தொடங்கியது. பனி விட்டுப்போன சரளையையும் ஏரி விட்டுப்போன வண்டலையும் அறுத்து, படிப்படியாகத் தன் தடத்தைத் தாழ்த்திக்கொண்டு வருகிறது. கீழ்ப்பகுதியில் பாறை இடுக்குக்குள் ஒடுங்கி ஓடுகிறது. மனிதர்கள் வந்தது வெகு பின்னால். 1645 ஜனவரி இறுதியில், உள்நாட்டுப் போரில் மன்னர் தரப்பில் நின்ற மான்ட்ரோஸ் பிரபு, எதிரி காத்திருந்த பெரும்பள்ளத்து வழியை விட்டு, பனி மூடிய மலைகளைக் கடந்து டரட் ஓடை வழியே ராய் பள்ளத்தாக்கில் இறங்கினார். பிப்ரவரி 2 அன்று இன்வர்லோக்கியில் ஆர்கைலின் படையை முறியடித்தார். அந்த வெற்றியைப் பாடிய இயன் லோம் என்ற கேலிக் கவிஞர் இந்த வட்டாரத்துக்காரர். 1688-இல் மெக்டோனல்டு, மெக்கின்டாஷ் குலங்கள் ராய் பிரிட்ஜ் அருகே மோதிக்கொண்ட மல்ராய்ச் சண்டையை, குலச்சண்டைகளில் கடைசி என்று பலரும் குறிப்பிடுகிறார்கள். 1934-இல் அலுமினிய ஆலையின் மின்சாரத்துக்காக ஸ்பீயன் ஆற்றை மறுபடி மறித்து லகானில் அணை கட்டினார்கள், இம்முறை கான்கிரீட்டில்.

இன்று இது தேசிய இயற்கைக் காப்பிடம். ராய் பிரிட்ஜ் வரை ரயில் உண்டு. அங்கிருந்து ஒற்றை வழித்தடச் சாலை பள்ளத்தாக்கில் ஏறுகிறது, காட்சிமேடையும் இருக்கிறது. கோடுகளைத் தள்ளி நின்று பார்ப்பதே நல்லது. ஏறிப்போய் அதன்மேலேயே நின்றால், புல்லும் ஹெதர் புதரும் மூடிய ஒரு சாய்வான மேடாகத்தான் தெரியும்; கோட்டின் மேல் நிற்கிறோம் என்றே பிடிபடாது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போது படியின் நிழல் கோடாக எழுகிறது. மரம் அடர்ந்த இடத்தில் கோடு மறைந்துவிடும் என்பதால், காடு வளர்ப்பது நல்லது என்ற பொதுவிதி இந்த ஒரு பள்ளத்தாக்கில் எடுபடாது.

நேரமும் கால் வலுவும் உள்ளவர்கள் பள்ளத்தாக்கின் தலைவரை நடக்கலாம். 350 மீட்டர் சந்து அங்கேதான் இருக்கிறது. பார்க்க ஒன்றுமில்லை: ஈரப்புல், கரிச்சதுப்பு, அப்பால் லோக் ஸ்பே என்ற சிறு ஏரி. ஏரி உச்சமட்டத்தில் நின்ற காலத்தில் ராயின் தண்ணீர் முழுவதும் இந்த வழியாகத்தான் கிழக்கே புரண்டு, ஸ்பே ஆறாகி வடகடலுக்குப் போனது. இப்போது சந்துக்கு மேற்கே விழும் மழைத்துளி ராயில் இறங்கி அட்லாண்டிக்குக்குப் போகிறது. சில அடி தள்ளிக் கிழக்கே விழுவது இன்னமும் பழைய கலிங்கு வழியே ஸ்பேக்குப் போய்க்கொண்டிருக்கிறது.